மதர்போர்ட் நல்லாத்தான் ஓடுது, ஆனால் கம்பனியே பழுது என்கிறது: மாற்றித் தருவார்களா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்க வேண்டுமே. திருகோணமலை உப்புவெளியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறீர்கள். போன வருஷம் டவுனில் ஒரு கடையில் புது கம்பியூட்டர் மெஷின் கட்டி எடுத்திருக்கிறீர்கள். இப்போது அதில் இருக்கிற மதர்போர்ட் மொடலில் தயாரிப்புக் குறை இருப்பதாகக் கம்பனியே அறிவித்திருக்கிறது. உங்கள் மெஷினோ இதுவரை ஒரு சேட்டையும் விடவில்லை. கடைக்காரர் "பழுதானால் கொண்டுவாங்கோ, பார்ப்பம்" என்று அனுப்பிவிட்டார். ஓடுகிற போர்ட்டை மாற்றித் தருவார்களா, கம்பனிக்கு நேரே எழுதலாமா, பயோஸ் (BIOS, மெஷினை எழுப்புகிற, போர்ட்டிலேயே இருக்கிற மென்பொருள்) அப்டேட் பண்ணினால் வொரண்டி போய்விடுமா என்று கேட்கிறீர்கள். பிராண்ட் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள், சரி.

கம்பனியின் அறிவிப்பை இன்னொரு தடவை எடுத்து, தலைப்பை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். அதில் சீரியல் நம்பர் வரிசை ஏதாவது குறிப்பிட்டிருந்து, உங்கள் போர்ட் அதற்குள் விழுந்தால், ஓடுகிறதோ இல்லையோ இப்போதே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சூடாகி உருகும், எரியும் என்ற மாதிரி ஒரு வார்த்தை இருந்தால் இன்றைக்கே பிளக்கைக் கழற்றுங்கள், கல்யாண வீடியோ பிந்தினால் பரவாயில்லை. புது பயோஸ் போடுங்கள் என்று மட்டும் இருந்தால் போர்ட் மாறாது, பயோஸைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஏன் சீரியல் நம்பரில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றால், கம்பனிகள் குறையைக் கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான், பொறுப்பை மட்டுப்படுத்திக்கொள்வதும் அதை வைத்துத்தான். எந்தக் கம்பனியாக இருந்தாலும் விற்ற போர்ட்டில் ஒரு பங்கு திரும்பி வரும். அது அவர்களுக்குச் சாதாரணம், கணக்கில் ஏற்கனவே போட்டு வைத்திருப்பார்கள். திரும்பி வந்ததில் ஒரே இடத்தில், ஒரே விதமாகச் செத்த போர்ட்டுகள் சேரும்போதுதான் முழிப்பு வரும். அப்போது சீரியலைப் பிடித்து எந்தத் தொழிற்சாலை, எந்த லைன், எந்தக் காலம் என்று பின்னுக்குப் போவார்கள். அந்த வேலை முடியும் வரைக்கும் வெளியில் வாயைத் திறக்க மாட்டார்கள். சபோர்ட்டுக்கு எழுதினால் "ரேமை மாற்றிப் பாருங்கள்" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அங்கே பதில் எழுதுகிற பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான உதாரணம் ஏசூஸின் ஆர்ஓஜி மெக்சிமஸ் ஸெட்690 ஹீரோ. 2021 கடைசியில் வந்த போர்ட், அமெரிக்காவில் கிட்டத்தட்ட 600 டொலர். வாங்கிய கொஞ்சப் பேருக்கு மெஷின் திடீரென்று நின்று, போர்ட்டில் இருக்கிற சின்னத் திரையில் 53 என்ற கோட் வந்தது. அது ரேம் சம்பந்தப்பட்ட கோட். கழற்றிப் பார்த்தால் ரேம் ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற மொஸ்பெட் என்ற சின்னப் பாகம் இரண்டு கருகியிருக்கிறது, எல்லோருக்கும் அதே இடம். ஆக்கள் படங்களை இணையத்தில் போட, பில்ட்சொய்ட் என்ற பெயரில் யூடியூபில் போர்ட்டுகளை அலசுகிற ஒருவர் நல்ல போர்ட்டின் படத்தையும் கருகிய போர்ட்டின் படத்தையும் வைத்து ஒப்பிட்டார். கருகியதில் ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி விடுகிற பாகம்) மேல் எழுத்து தலைகீழாக இருந்தது. கெப்பாசிட்டரையே திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள். பிளஸ் மைனஸ் உள்ள சாமான் அது, திருப்பிப் போட்டால் ஒன்றில் அது போகும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிறதைக் கொண்டுபோகும். இவ்வளவும் ஒரு படத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

இங்கே ஏசூஸ் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். அந்த டிசம்பர் முடியுமுன்பே ஒத்துக்கொண்டார்கள்: ஒரு தயாரிப்பு லைனில் கெப்பாசிட்டர் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம், 2021இல் செய்து சீரியல் எம்ஏ, எம்பி, எம்சி என்று தொடங்குகிறவைதான் சந்தேகத்துக்குரியவை, மாற்றித் தருகிறோம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கழித்து, 2022இல், அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு வழியாக முறைப்படி திரும்பப் பெறும் அறிவித்தல் வந்தது. கிட்டத்தட்ட 10,000 போர்ட்டுகள். உருகியதாக, சூடானதாக வந்த முறைப்பாடுகள் 10, ஒருவருக்கும் காயமில்லை. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10 போர்ட் கருகியதற்கு 10,000 போர்ட்டைத் திரும்பக் கேட்கிறார்கள், அதாவது மிச்சம் 9,990 பேரில் அனேகமானோரின் போர்ட் உங்களுடையது மாதிரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே கடைக்காரர் "பழுதானால் கொண்டுவாங்கோ" என்பது வழமையான வொரண்டிக்குச் சரியான பேச்சு, திரும்பப் பெறும் அறிவித்தலுக்குப் பிழையான பேச்சு. பழுதாக முதலே எடுப்பதற்குத்தான் அந்த அறிவித்தலே.

அமெரிக்காவில் ஏன் இது நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே சட்டம் அப்படி. ஒரு பொருளால் ஆக்களுக்குக் கடுமையான ஆபத்து வரலாம் என்று தகவல் கிடைத்தால் கம்பனி 24 மணித்தியாலத்துக்குள் அந்த ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், மறைத்தால் பெரிய தண்டம். அதனால் நெருப்பு, ஷொக் என்று வந்தால் ஓடுவார்கள். மெஷின் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது, யூஎஸ்பி விட்டுவிட்டு வேலை செய்கிறது என்கிற மாதிரிக் குறைகளுக்கு அந்தச் சட்டம் வராது. அங்கேதான் கம்பனியின் குணம் தெரியும்.

குணம் நல்லதாகத் தெரிந்த ஒரு சந்தர்ப்பம் 2011 ஜனவரி 31. இன்டெல் தன்னுடைய 6 சீரிஸ் சிப்செட்டில் (சிபியுவையும் ஹார்ட் டிஸ்க் மாதிரி மற்றச் சாமான்களையும் இணைக்க மதர்போர்ட்டில் இருக்கிற சிப்) டிசைன் பிழை இருக்கிறது என்று தானாகவே அறிவித்தது. அதோடு சேர்ந்த சாண்டி பிரிட்ஜ் சிபியு வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹார்ட் டிஸ்க் பூட்டுகிற சாட்டா இணைப்புகளில் வேகம் கூடிய 6 ஜிகாபிட் இரண்டுக்கும் ஒன்றுமில்லை, மற்ற 3 ஜிகாபிட் இணைப்புகள் காலப்போக்கில் பலவீனப்பட்டு ஹார்ட் டிஸ்கைத் தவறவிடலாம். பாவித்தவர்களில் அனேகமானோருக்கு அந்த நேரம் ஒரு அறிகுறியும் இல்லை. இருந்தாலும் சிப் அனுப்புவதை நிறுத்தி, திருத்திய பதிப்பைச் செய்து, திருத்தவும் மாற்றவும் மொத்தம் 700 மில்லியன் டொலர் போகும் என்று தாங்களே மதிப்பிட்டார்கள், போதாததற்கு விற்பனையில் இன்னொரு 300 மில்லியன் குறையும் என்றார்கள். போர்ட் செய்கிற கம்பனிகள் எல்லாம் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தன, திருத்திய சிப்செட் என்று காட்டப் பெட்டியில் பி3 என்று பெரிதாகப் போட்டு விற்றன. ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், போர்ட் கம்பனிகள் தாராளமாக நடந்ததற்குக் காரணம் பிழை அவர்களுடையது இல்லை, கடைசியில் பணம் இன்டெலின் பையில் இருந்து வரும் என்று தெரியும். பிழை யாருடையது என்ற வழக்குத் தீராத இடத்தில் இதே கம்பனிகள் வேறு முகம் காட்டும். அதே இன்டெல்கூட 1994இல் பென்டியம் சிப்பில் வகுத்தல் பிழை வந்தபோது, உனக்கு அவ்வளவு துல்லியம் தேவை என்று நிரூபித்தால்தான் மாற்றித் தருவோம் என்று நின்று, பத்திரிகைகளும் ஐபிஎம்மும் சேர்ந்து அடித்த பிறகுதான் டிசம்பர் 20ஆம் திகதி யார் கேட்டாலும் தருகிறோம் என்று இறங்கி வந்தது. 475 மில்லியன் டொலர் செலவு. அந்தப் பாடத்தைப் படித்ததால்தான் 2011இல் ஒழுங்காக நடந்தார்கள் என்பது என் எண்ணம்.

வேறு முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் 2000களின் கெப்பாசிட்டர் கதை. எங்கள் வயதுக்காரர், மெஷின் திருத்துகிறவர், மறக்க மாட்டோம். போர்ட்டைத் திறந்தால் சிபியுவைச் சுற்றி நிற்கிற கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, சிலது வெடித்து, மண்ணிறத்தில் ஏதோ வழிந்து காய்ந்து போயிருக்கும். உள்ளே ஊற்றிய திரவத்தின் கலவை பிழை, அதனால் வாயு கிளம்பி உப்பியது. பல கம்பனிகளின் போர்ட்டில் இது வந்தது, அபிட் என்ற போர்ட் கம்பனி மேல் வழக்கே போட்டார்கள். டெல் தன் ஒப்டிபிளெக்ஸ் மெஷின்களுக்காக 2005இல் 300 மில்லியன் டொலர் ஒதுக்கியது. ஆனால் பிறகு வழக்கில் வெளிவந்த உள் ஆவணங்களைப் பார்த்தால், வாடிக்கையாளரிடம் இது பரவலான பிரச்சினை என்று சொல்லாமல் பூசி மெழுகச் சொல்லி ஊழியர்களுக்கு அறிவுறுத்தல் போயிருக்கிறது. இங்கே அந்தக் காலத்தில் யாரும் போர்ட்டைத் திருப்பி அனுப்பவில்லை. ஐந்தாறு கெப்பாசிட்டரை வாங்கி, சோல்டரிங் அயனைச் சூடாக்கி, நாங்களே மாற்றிவிட்டோம். ஓடியது. இன்றைய போர்ட்டில் அப்படிக் கையை வைக்காதீர்கள், வைத்தால் அந்த நிமிஷமே வொரண்டி போச்சு.

இந்த எல்லாவற்றுக்கும் இடையில் ஒரு வகை இருக்கிறது, உங்களுடையது அதுவாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். போர்ட்டைத் திரும்ப எடுக்காமல் பயோஸால் சமாளிக்கிற வகை. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி சிபியு சிப்புகள் சில போர்ட்டோடு சேர்ந்து கருகின, சிப் உட்காருகிற சொக்கெட்டின் பின்கள் கறுத்து, சிப்பின் அடி வீங்கி. சிப்பின் ஒரு பகுதிக்குப் போர்ட் கொடுக்கிற, எஸ்ஓசி வோல்டேஜ் என்கிற மின்னழுத்தம் கூடிப் போனதுதான் முக்கிய காரணம் என்று தெரிந்ததும் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டிவைத்து, எல்லாப் போர்ட் கம்பனிகளுக்கும் புதிய பயோஸ் வெளியிடச் சொன்னது. ஏசூஸ் வெளியிட்டது. ஆனால் அது பீட்டா பயோஸ், அதாவது சோதனைப் பதிப்பு, அதன் கீழே, இதைப் போட்டால் வொரண்டி இல்லை என்று பொருள்படுகிற வழமையான வாசகம். அதாவது போடாவிட்டால் சிப் கருகலாம், போட்டால் வொரண்டி கிடையாது. எங்கட ஊரில் சொல்வது போல, முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும். கேமர்ஸ் நெக்ஸஸ் மாதிரி யூடியூப்காரர்கள் பிடித்து உலுக்கிய பிறகு, மே மாதத்தில், பீட்டா பயோஸ் போட்டாலும் ரேமின் வேகத்தைக் கூட்டுகிற எக்ஸ்போ செட்டிங்கைப் பாவித்தாலும் வொரண்டி உண்டு என்று ஏசூஸ் எழுத்தில் கொடுத்தது.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கம்பனியின் சொந்தப் பக்கத்தில் இருந்து, உங்கள் மொடலுக்கும் ரிவிஷனுக்கும் உரிய பயோஸை எடுத்துப் போடுவதால் சாதாரணமாக வொரண்டி போகாது. பீட்டா என்று இருந்தால் முதலில் அந்தக் குறிப்பை வாசியுங்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எடிட்டிங் மெஷினுக்கு யூபிஎஸ் இருக்கும் என்று நினைக்கிறேன், அது இல்லாமல் பயோஸ் அப்டேட் வேண்டவே வேண்டாம், எங்கள் பக்கம் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. பாதியில் நின்றால் போர்ட் எழும்பாது, வெறும் செங்கல்தான். அது உங்கள் பிழை என்றாகிவிடும்.

இன்னொன்று, பயோஸ் திருத்தம் இனி வரப்போகிற சேதத்தைத்தான் நிறுத்தும். ஏற்கனவே நடந்த சேதத்தை அது மாற்றாது. 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்புகளில் இது நன்றாகத் தெரிந்தது. மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடுகிற கட்டளைகள்) திருத்தத்தை போர்ட் கம்பனிகள் பயோஸாக வெளியிட்டன, ஆனால் அதற்கு முன்பே பலவீனப்பட்ட சிப் அப்படியேதான் இருந்தது. இன்டெல் திரும்பப் பெறும் அறிவித்தல் எதுவும் விடவில்லை, வொரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. கம்பனிகளுக்கு இது மிகவும் பிடித்த வழி. பழுதான ஆக்கள் மட்டும் வருவார்கள், மற்றவர்கள் மெஷினை வித்துவிடுவார்கள் அல்லது மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்காத ஆளாக இருந்தால் போதும்.

இனி திருகோணமலைக்கு வருவோம், ஏனென்றால் மேலே சொன்ன எதுவும் இங்கே அப்படியே நடக்காது.

தைவானில் தைப்பேயில் இருக்கிற போர்ட் கம்பனிக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது கொழும்பில் இருக்கிற ஏஜென்ட். ஏஜென்டுக்குத் தெரிந்தது கொழும்பு யூனிட்டி பிளாசாவில் இருக்கிற கம்பியூட்டர் கடைகளும் வெளிமாவட்ட டீலர்களும். உங்கள் கடைக்காரர் அந்த வரிசையில் கடைசி ஆள். அவர் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்பட முதல் அவர் நிலையையும் பாருங்கள். உங்களுக்கு ஒரு புதுப் போர்ட்டைத் தூக்கிக் கொடுத்தால், பழையதை ஏஜென்ட் ஏற்கிறாரோ இல்லையோ என்று அவருக்குத் தெரியாது. ஏஜென்ட் "இதில் ஒரு பழுதும் இல்லை, ஓடுகிறது" என்று திருப்பி அனுப்பினால் அந்தக் காசு அவர் தலையில். அதனால் அவருக்குத் தேவை சண்டை இல்லை, மேலே அனுப்புவதற்கு ஆதாரம். கம்பனியின் அறிவிப்புப் பக்கத்தை பிரின்ட் எடுத்து, சீரியல் வரிசை இருக்கிற வரியில் கோடு போட்டு, உங்கள் சீரியல் ஸ்டிக்கரின் படத்தையும் பில்லின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் முன்னாலேயே அவற்றை ஏஜென்டுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வருகிற பதிலையும் எழுத்தில்தான் வாங்க வேண்டும். போனில் "சரி, பார்ப்பம்" என்று ஒருவர் சொன்னது மூன்று மாதத்துக்குப் பிறகு காற்றோடு போய்விடும்.

சீரியலைப் பார்க்கும்போது பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். கடைகளில் பெட்டி மாறுவது சர்வசாதாரணம். கேசைத் திறந்து போர்ட்டின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையே பாருங்கள், கூடுதலாக 24 பின் பவர் சொக்கெட் பக்கத்தில் அல்லது ஓரத்தில் இருக்கும். ரெவ் என்று தொடங்குகிற ரிவிஷன் எண் மூலையில் அச்சடித்திருக்கும், அதையும் படம் எடுங்கள், ஏனென்றால் 1.0இல் இருக்கிற குறை 1.1இல் இல்லாமல் இருக்கலாம். அதோடு கொழும்பு ஏஜென்டின் சின்ன ஸ்டிக்கர் ஒன்று போர்ட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால் உங்கள் போர்ட் டுபாயில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ ஒருவர் தனியாக இறக்கியதாக இருக்கக்கூடும், அப்படியென்றால் ஏஜென்ட் கையை விரித்துவிடுவார். அந்த நிலையில் மட்டும்தான் கம்பனிக்கு நேரே எழுதுவதில் பிரயோசனம் இருக்கிறது. அறிவிப்பு உலகம் முழுவதற்கும் என்றால், எந்த நாட்டுச் சரக்கு என்று பாராமல் மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று எழுதலாம். அறிவிப்பு அமெரிக்காவுக்கு மட்டும் என்றால் நேரடியாகச் சொல்கிறேன், நடக்கிற காரியம் இல்லை.

பில்லின் அடியில் இருக்கிற சின்ன எழுத்தையும் வாசியுங்கள். இலங்கையில் பல கம்பியூட்டர் கடைகளின் பில்லில் ஒரு வருஷம் என்றால் 350 நாள் என்று இருக்கும். நீங்கள் 365ஐ நம்பி நிற்க, கதவு 15 நாள் முதலே சாத்தியிருக்கும். அதோடு கருகல், துரு, கீறல், இடி மின்னல் எதற்கும் வொரண்டி இல்லை என்றும் போட்டிருப்பார்கள். இதில் முதலாவதன் வேடிக்கையைப் பாருங்கள், கருகல் என்பதுதான் கம்பனி ஒத்துக்கொண்ட குறையின் அடையாளமே என்றால், அதைக் காட்டியே கடையில் மறுப்பார்கள். அதனால்தான் கருக முதல் கொண்டுபோங்கள் என்கிறேன்.

துரு எங்கள் ஊருக்கே உரிய தலையிடி. உப்புவெளியில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஒரு வருஷத்தில் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டுகளின் உள்விளிம்பு மங்கி, கேஸ் ஸ்குரூவில் செம்மண் நிறம் ஏறிவிடும். கேசின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு மின்விசிறியைத் திருப்பி வைக்கிற பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது, உப்புக் காற்றை வீட்டுக்கு அழைத்து ஊட்டிவிடுகிற வேலை அது. கொழும்பில் அந்த போர்ட்டைப் பார்க்கிறவர் குறையைத் தேடுவதற்கு முதல் துருவைத்தான் பார்ப்பார், ஒரு ஸ்குரூ ஓட்டையைச் சுற்றித் துரு இருந்தாலும் "பாவனையாளர் சேதம்" என்று எழுதித் திருப்பி அனுப்ப அது போதும். உங்கள் போர்ட் இப்போது எப்படி இருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் வைத்து, முன், பின், பக்கவாட்டு எல்லாம் படம் எடுத்து வையுங்கள். எதையும் சுரண்டவோ கெமிக்கல் போட்டுத் துடைக்கவோ வேண்டாம்.

துருவைவிடக் கூடுதலாக ஆக்கள் மாட்டுப்படுகிற இடம் சொக்கெட் பின். இப்போது இன்டெல் எல்ஜிஏ1700 ஆனாலும் சரி, ஏஎம்டியின் ஏஎம்5 ஆனாலும் சரி, பின்கள் சிப்பில் இல்லை, போர்ட்டில்தான் இருக்கின்றன. ஏஎம்5இல் 1718 பின். மயிரளவு மெல்லிசு. ஒன்று வளைந்தாலும் அனேகமாகப் போர்ட்டைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். புதுப் போர்ட்டோடு சொக்கெட்டின் மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி வரும். மெஷின் கட்டும்போது அது தெறித்து விழும், கூட்டித் தள்ளிவிடுவார்கள். போர்ட் திருப்பி அனுப்பும்போது அந்த மூடி இல்லையென்றால் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது, நல்ல வொரண்டி, சரியான பில், மூடி இல்லாமல் பெட்டிக்குள் போட்டு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினார், வழியில் ஏதோ தட்டுப்பட்டு மூன்று பின் சாய்ந்து, கதை முடிந்தது. உங்கள் பெட்டியில் மூடி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் மெஷின் கட்டுகிற கடைகளில் கேளுங்கள், அதே சொக்கெட்டின் மூடி லாச்சிக்குள் கிடக்கும், சும்மாவே தருவார்கள். சிப்பைக் கழற்றியதும், கடைக்காரர் முன்னிலையில், சொக்கெட்டை மிகக் கிட்டவாக ஒரு படம் எடுத்துவிட்டு மூடியைப் போடுங்கள். அந்த ஒரு படம் பிறகு உங்களைக் காப்பாற்றும்.

மாற்றிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், கையில் வருவது என்ன? புதுசு என்று எதிர்பார்க்காதீர்கள். வழமையான வொரண்டியில் கூடுதலாக, திருத்திச் சோதித்த போர்ட்தான் வரும், வொரண்டியும் பழையதன் மிச்சக் காலம்தான். திரும்பப் பெறும் அறிவித்தல் என்றால் திருத்திய பதிப்பில் புதுசு கேட்கலாம், கேட்க வேண்டும், வருகிற போர்ட்டின் சீரியலும் அந்தப் பிழையான வரிசையில் இல்லை என்று கடையிலேயே சரி பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் ஏஜென்டின் களஞ்சியத்தில் பழைய சரக்கும் இருக்கும். வேறு நாடுகளில் புதியதை முதல் அனுப்பிவிட்டுப் பழையதைப் பிறகு வாங்குகிற ஏற்பாடு உண்டு. இங்கே அதை நான் கண்டதில்லை. போர்ட் போய்த் திரும்பும் வரை கிழமைக்கணக்கில் மெஷின் இருக்காது. உங்கள் அறிவிப்பு நெருப்பு வகை இல்லையென்றால், ஆடியிலோ மார்கழியிலோ கல்யாணம் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்புங்கள், ஆனால் கோரிக்கையை இப்போதே எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள், வொரண்டி முடிய முதல் கேட்டதற்குச் சாட்சி இருக்க வேண்டும். இடையில் பாவிக்க ஒரு பழைய போர்ட் தரச் சொல்லிக் கடையில் கேட்டுப் பாருங்கள், பழகிய வாடிக்கையாளருக்கு இங்கே தருகிறவர்கள் இருக்கிறார்கள், கொழும்பில்தான் அது நடக்காது.

கடையும் ஏஜென்டும் சேர்ந்து அலைக்கழித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. 1977க்கு அடித்து விபரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது, பொருள் விற்ற திகதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்று சொல்கிறது. போர்ட் குறைகள் தெரியவருவதோ அதற்கு எவ்வளவோ பிறகு. கார், மதர்போர்ட் மாதிரிப் பொருட்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று சட்டம் எழுதினவர்கள் யோசித்திருக்க வேண்டும். இருந்தாலும் போய்க் கேளுங்கள். அதிகார சபையில் இருந்து ஒரு கோல் வந்ததும் இளகிய கடைக்காரர்கள் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் இணக்க சபைக்குக் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இருத்திக் கதைப்பார்கள். ஒரு போர்ட்டின் விலைக்கு நீதிமன்றம் ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கம்பனிக்கு எழுதுகிறீர்கள் என்றால் நீளமாக எழுதி மனவேதனையைக் கொட்டாதீர்கள், அங்கே அதை வாசிக்கிறவர் ஒரு படிவத்தை நிரப்பப் பார்க்கிறார். இலகுவான ஆங்கிலத்தில் மொடல், ரிவிஷன், சீரியல், வாங்கிய திகதி, கடையின் ஊர், இப்போதைய பயோஸ் எண், அறிவிப்பின் இணைப்பு, உங்களுக்கு வேண்டியது என்ன, இவ்வளவும் போதும். வேண்டியது என்ன என்பதைத்தான் ஆக்கள் விட்டுவிடுவார்கள். "என்ன செய்யலாம்" என்று கேட்டால் "ரேமை மாற்றிப் பாருங்கள்" வரும். "இலங்கையில் எந்த ஏஜென்ட் மூலம் மாற்றித் தருவீர்கள், அவர்களுக்கு நீங்கள் அறிவித்துவிட்டீர்களா" என்று கேட்டால் ஒரு கேஸ் நம்பராவது வரும், அந்த நம்பரைக் கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் ஏஜென்டோடு கதைக்கிற தொனியே மாறும்.

போர்ட்டைக் கொடுக்கும்போது போர்ட் மட்டும்தான் போக வேண்டும். சிப், ரேம், எம்.2 எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள். அந்த எம்.2 எஸ்எஸ்டி, சூடு தணிக்கிற உலோகத் தகடான ஹீட்சிங்குக்கு அடியில் மறைந்து இருக்கும், அதோடு சேர்த்து அனுப்பிவிட்டுப் பிறகு ஒருவருடைய கல்யாணத்தைத் தேடிக்கொண்டு கொழும்புக்கு ஓட வேண்டாம். ஹீட்சிங்கை வைத்துக்கொள்ளாமல் போர்ட்டில் திரும்பப் பூட்டுங்கள், அது போர்ட்டோடு வந்த சாமான், இல்லாவிட்டால் குறை சொல்வார்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டுகிற பிட்லொக்கர் போட்டிருந்தால் மெஷினைக் கழற்ற முதல் அதன் ரிக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள், போர்ட் மாறியதும் அதைக் கேட்கும்.

அறிவிப்பின் இணைப்பையும் ஸ்டிக்கர் படத்தையும் அனுப்புங்கள், சீரியலில் கடைசி நாலு இலக்கத்தை மறைத்துவிட்டு. எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.